மாட்டுத்தலை ஆளுநர்: கபேசா டெ வாகாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

#1 கடலோடி

மெக்சிகோவைப் பிடித்த கோர்ட்டெஸ், பெருவைப் பிடித்த பிசாரோ பற்றி இங்கே பக்கம் பக்கமாகப் பேசியாயிற்று. இன்றைக்கு வேறொருவரை இழுத்து வருகிறேன். ஆல்வார் நூனியெஸ் கபேசா டெ வாகா. ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர்க்காரர். கபேசா டெ வாகா என்றால் பசுவின் தலை. 1212இல் ஸ்பெயினின் தெற்கை ஆண்ட முஸ்லிம்களான மூர்களோடு நடந்த போரில் ஓர் இடையன் மாட்டு மண்டையோட்டை நட்டு வைத்து மலைப்பாதையை அரசனுக்குக் காட்டினானாம், அதற்குப் பரிசாகக் கிடைத்த பெயராம். வம்சக் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்று நமக்குத் தெரியாதா. நம்பக்கூடியது இது: அவருடைய தாத்தா பெத்ரோ டெ வேரா, கனேரித் தீவுகளில் கிரான் கனாரியாவைப் பிடித்தவர். நாடு பிடிப்பது அந்த வீட்டில் குலத்தொழில்.

1527 ஜூனில் ஐந்து கப்பல், ஏறத்தாழ 600 பேரோடு ஃபுளோரிடாவைப் பிடிக்கக் கிளம்பிய படையில் இவர் பொருளாளர். தலைவர் பான்ஃபிலோ டெ நார்வாயெஸ். கோர்ட்டெஸைக் கைது செய்யப் போய் ஒரு கண்ணைப் பறிகொடுத்துத் திரும்பினாரே, அதே ஆள். கியூபாவில் அடித்த புயலில் இரண்டு கப்பல், 60 பேர், 20 குதிரை போயிற்று. 1528 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் இறங்கியதும் நார்வாயெஸ் ஒரு காரியம் செய்தார்: கப்பல்களைக் கரையோரமாக அனுப்பிவிட்டு 300 பேரோடு உள்நாட்டுக்குள் நடந்தார். வேண்டாம் என்று கபேசா டெ வாகா எதிர்த்துப் பேசியிருக்கிறார். ‘அப்படியானால் நீ கப்பலோடு இரு’ என்றதும் பயந்தவன் என்ற பெயர் வந்துவிடுமே என்று கூடவே நடந்தார். அந்தக் கப்பல்களை இவர்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

தங்கம் என்று கேள்விப்பட்டுப் போன அபலாச்சே நாட்டில் கிடைத்தது சோளம். பசி, காய்ச்சல், அம்பு. கடற்கரைக்குத் திரும்பி வந்து படகு கட்டலாம் என்று முடிவு செய்கிறார்கள். கப்பல் கட்டத் தெரிந்தவர் இல்லை, தச்சர் ஒரே ஒருவர். மான் தோலில் துருத்தி செய்தார்கள். அங்கவடி, குதிமுள், வில் இரும்பு எல்லாவற்றையும் உலையில் போட்டு ஆணி, கோடரி, ரம்பம் அடித்தார்கள். குதிரை வாலும் பிடரி மயிரும் கயிறாயின, போட்டிருந்த சட்டைகள் பாயாயின. மூன்று நாளைக்கு ஒரு குதிரையை அறுத்துத் தின்றார்கள். அதன் காலின் தோலை முழுசாக உரித்துத் தண்ணீர்ப் பை செய்தார்கள். நடுக்கடலில் அந்தப் பைகள் அழுகிப்போயின. செப்டம்பர் 22 அன்று ஐந்து படகில் 242 பேர். விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை.

பல நாள் கழித்து, முன்னே போன நார்வாயெஸின் படகை நோக்கி ‘ஒரு கயிறு போடுங்கள்’ என்று கபேசா டெ வாகா கேட்டிருக்கிறார். நல்ல பலசாலிகளாகப் பார்த்துத் தன் படகில் ஏற்றியிருந்த தலைவர் கொடுத்த பதில்: இனி யாரும் யாருக்கும் உத்தரவு போடுகிற நேரம் இல்லை, அவரவர் உயிரை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான்.

கபேசா டெ வாகா எட்டு வருஷம் கழித்து, 1536இல், மெக்சிகோவின் மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தார். கரையேறிய 300 பேரில் நான்கே பேர். பிறகு இதே மனிதர் தென் அமெரிக்காவில் ஒரு மாகாணத்துக்கு ஆளுநராகப் போய், விலங்கு மாட்டப்பட்டு ஊர் திரும்பினார். என் கேள்வி ஒன்றுதான். அந்த மக்களிடம் கையேந்திச் சாப்பிட்ட ஒருவர் அவர்களையே ஆளப் போனபோது, அந்த எட்டு வருஷம் எதையாவது மாற்றியதா?

#2 சும்மா_வந்தேன்

அண்ணே, காலையில் பேருந்தில் படிக்க ஆரம்பித்து இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். மீதியையும் எழுதுங்கள்.

#3 ஹூஸ்டன்வாசி

நான் இருக்கும் இடத்திலிருந்து அவர் கரை ஒதுங்கிய இடம் ஒரு மணி நேரப் பயணம். கால்வெஸ்டன் தீவு, அல்லது அதை ஒட்டிய இன்னொரு தீவு என்கிறார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் மல்ஹாடோ, கெட்ட விதியின் தீவு. நவம்பரில் ஒரு முறை அங்கே போனேன். வடக்குக் காற்று வீசினால் ஜாக்கெட் போட்டும் பல் கிட்டிக்கிறது. அவர்கள் வந்தது 1528 நவம்பர் 6, உடம்பில் துணி இல்லாமல்.

அந்தக் காட்சியைக் கடலோடி விட்டுவிட்டார். கரையில் ஒதுங்கியவர்களுக்கு அத்தீவு மக்கள் மீனும் கிழங்கும் கொடுக்கிறார்கள். தெம்பு வந்ததும் படகை மறுபடி தள்ளுகிறார்கள் இவர்கள். துணியைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அலை புரட்டிப் போட்டதில் மூன்று பேர் செத்தார்கள், துணிமணி, ஆயுதம் எல்லாம் தண்ணீரோடு போயிற்று. சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்த அத்தீவுக்காரர்கள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, கூட உட்கார்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஓவென்று அழுதார்களாம். பிறகு தங்கள் குடிசைக்குக் கூட்டிப் போகும்போது, வழியில் குளிரில் விறைத்துச் செத்துவிடக் கூடாது என்று இடைவெளி விட்டு நான்கைந்து இடத்தில் பெரிய நெருப்பு மூட்டி வைத்திருந்தார்கள். ஒரு நெருப்பில் கொஞ்சம் சூடு ஏறியதும் அடுத்ததற்குத் தூக்கிக்கொண்டு ஓட்டம். கால் தரையில் பட விடவில்லை என்று எழுதுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே குளிர்காலத்தில் தனியாக ஒரு குடிசையில் இருந்த ஐந்து ஸ்பானியர்கள் பசியில் ஒருவரையொருவர் தின்று, கடைசியாக ஒருவன் மிஞ்சினான், அவனைத் தின்ன ஆளில்லாததால். இதைக் கேட்டு அத்தீவு மக்கள் ஆடிப்போனார்கள். ‘நரமாமிசம் தின்னும் காட்டுமிராண்டிகள்’ என்று யாரைப் பற்றி யார் எழுதிக்கொண்டிருந்த காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

#4 கறாரான_கந்தசாமி

நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் இதெல்லாம் யார் சொன்னது? அவரேதான். 1542இல் சமோரா நகரில் அச்சான அந்த விவரணை, அரசருக்குத் தன் சேவையைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதியது. ‘தங்கம் கொண்டுவரவில்லை, தகவல் கொண்டுவந்தேன்’ என்கிற வேலை விண்ணப்பம். 1537இல் ஸ்பெயின் திரும்பியதும் அவர் கேட்டது என்ன? ஃபுளோரிடாவின் ஆளுநர் பதவி. அது ஏற்கெனவே ஹெர்னாண்டோ டெ சோட்டோவுக்குப் போய்விட்டது. கூட வாருங்கள் என்று சோட்டோ கூப்பிட்டும், இன்னொருவர் கொடியின் கீழ் போவதில்லை என்று மறுத்தார். ஞானம் பெற்றவர் நடந்துகொள்கிற மாதிரியா இருக்கிறது?

வழியில் பூர்வகுடிகளுக்கு வைத்தியம் பார்த்ததாக அவர் சொல்லும் கதையையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். பிழைத்த நால்வரும் நோயாளிமேல் ஊதி, சிலுவை போட்டு, ஜெபம் சொன்னார்கள், எல்லாரும் குணமானார்கள் என்றால் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது.

#5 ஹூஸ்டன்வாசி

கந்தசாமி சார், அவரே முதலில் சிரித்ததாகத்தான் எழுதுகிறார். வைத்தியம் பாருங்கள் என்று கட்டாயப்படுத்தியது அவர்கள். முடியாது என்றதும் சாப்பாட்டை நிறுத்தினார்கள், அதற்கப்புறம்தான் ஊத ஆரம்பித்தார். ஒருவன் மார்பில் தங்கிவிட்ட அம்பு முனையைக் கத்தியால் கீறி எடுத்து, மான் எலும்பு ஊசியால் இரண்டு தையல் போட்டது ஜெபத்தில் சேராது. அது கைவேலை.

நடுவில் சில வருஷம் வியாபாரியாகவும் இருந்திருக்கிறார். கடற்கரையிலிருந்து சிப்பி, சங்கு, உள்நாட்டிலிருந்து தோல், செங்காவி, அம்பு முனைக்கான கல். ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்த கூட்டங்களுக்கு நடுவே தடையில்லாமல் போய்வர ஒரு வெளியாள் தேவைப்பட்டான். தப்பி ஓடவும் செய்யாமல் ஏன் இதைச் செய்தார் என்றால், தீவில் லோப்பெ டெ ஒவியேடோ என்று ஒருவர் தங்கிவிட்டார். வருஷா வருஷம் போய் ‘வா, போகலாம்’ என்று கூப்பிடுவார். அவர் ‘அடுத்த வருஷம்’ என்பார். கடைசியில் எப்படியோ கிளப்பி, நீச்சல் தெரியாத அந்த ஆளை நான்கு நீர்நிலை தாண்டக் கூட்டிவந்தால், எதிர்ப்பட்ட ஒரு கூட்டம் மிரட்டியதும் அவர் திரும்பிப் போய்விட்டார். இதை எல்லாம் வேலை விண்ணப்பத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

#6 மருதாணி

எல்லாரும் ‘அவர்’, ‘அவர்’ என்று ஒருவரையே சொல்கிறீர்கள். நான்கு பேர் இல்லையா? டொராந்தெஸ், கஸ்டீயோ, அப்புறம் எஸ்தெபானிகோ. மொராக்கோவின் அஸெம்மூர் ஊர்க்காரர், டொராந்தெஸின் அடிமை. ஒவ்வோர் ஊரிலும் முன்னால் போய், வழி கேட்டு, பேசி, வேண்டியதைத் தெரிந்துகொண்டு வந்தவர் எஸ்தெபானிகோதான். மற்ற மூவரும் மரியாதை கெடாமல் இருக்க அதிகம் பேசாமல் இருந்தார்கள் என்று அந்த விவரணையிலேயே இருக்கிறது. பேச்சும் சைகையுமாகக் கண்டத்தையே கடத்திக் கூட்டிவந்த ஆளுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. மெக்சிகோ வந்து சேர்ந்ததும் விடுதலையும் இல்லை. வடக்கே போன அடுத்த பயணத்துக்கு வழிகாட்டியாக அனுப்பினார்கள். 1539இல் ஸூனி மக்களின் ஊரில் கொல்லப்பட்டார்.

எட்டு வருஷம் ஒன்றாகப் பசித்தவர்கள். அதில் மூன்று பேர் கனவான்களாகத் திரும்பினார்கள், ஒருவர் மட்டும் அடிமையாகவே திரும்பினார். கடலோடி கேட்ட கேள்விக்கு என் பதில் பாதி இங்கேயே இருக்கிறது.

#7 கடலோடி

மருதாணி அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. என் பதிவில் அந்தப் பெயரை விட்டது என் தவறு.

கந்தசாமி, நீங்கள் சொல்லும் சந்தேகம் சரி. ஆனால் ஒன்று. மேற்குக் கரையில் இவர்கள் கடைசியில் சந்தித்தது யாரைத் தெரியுமா? அடிமை பிடிக்க வந்திருந்த ஸ்பானியக் குதிரைக்காரர்களை. தலைவன் பெயர் அல்கராஸ். கூட வந்திருந்த நூற்றுக்கணக்கான பூர்வகுடிகளையும் பிடித்துப் போகப் பார்த்தான். ‘இந்த நால்வரும் எங்கள் ஆட்கள்தான்’ என்று அல்கராஸ் மொழிபெயர்ப்பாளனைக் கொண்டு சொல்ல வைத்தபோது அந்த மக்கள் நம்பவில்லை. நீங்கள் சூரியன் உதிக்கிற பக்கமிருந்து வந்தீர்கள், அவர்கள் சாய்கிற பக்கமிருந்து. நீங்கள் நோயாளியைப் பிழைக்க வைக்கிறீர்கள், அவர்கள் நன்றாக இருப்பவனைக் கொல்கிறார்கள். நீங்கள் வெறுங்காலோடு அம்மணமாக வந்தீர்கள், அவர்கள் துணி போட்டுக் குதிரைமேல் ஈட்டியோடு வருகிறார்கள். நீங்கள் எதற்கும் ஆசைப்படவில்லை, கொடுத்ததையும் பிறருக்கே கொடுத்தீர்கள். அவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் பறிக்கிறார்கள். இப்படிப் போகிறது பேச்சு. அவர் மெருகேற்றி எழுதியிருக்கலாம். ஆனாலும் அரசர் படிக்கப் போகிற தாளில் தன் இனத்தாரை இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்.

சரி, ஆளுநர் கதைக்கு வருகிறேன். ரியோ டெ லா பிளாட்டா, இன்றைய பராகுவே, அர்ஜென்டினா பக்கம். 1540இல் ஒப்பந்தம், தன் கையிலிருந்து 8,000 டுகாட் (தங்க நாணயம்) செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரேசில் கரையில் சாண்டா கத்தரினா தீவில் இறங்கி, கடல் வழியாகச் சுற்றாமல் 250 பேர், 26 குதிரைகளோடு காட்டு வழியே நடந்தார். 1541 நவம்பரில் கிளம்பி 1542 மார்ச் 11இல் அசுன்சியோன், இன்றைய பராகுவேயின் தலைநகர். வழியில் இகுவாசு அருவி. தண்ணீர் பாறையில் விழுகிற சத்தம் வெகுதூரம் கேட்கிறது, தூவானம் இரண்டு ஈட்டி உயரத்துக்கு மேல் எழும்புகிறது என்று குறித்து வைத்தார்கள். அந்த அருவியை எழுத்தில் பதிந்த முதல் ஐரோப்பியர் இவர்தான். அதைவிட எனக்கு முக்கியம், வழியெல்லாம் குவரானி மக்களிடம் எடுத்த உணவுக்கு விலை கொடுத்தார். கத்தி, கத்தரிக்கோல், தூண்டில் முள். பறித்தவனைத் தண்டித்தார். ஃபுளோரிடாவில் நார்வாயெஸ் போன வழியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#8 கறாரான_கந்தசாமி

வழியில் விலை கொடுத்தார், சரி. வந்து சேர்ந்ததும்? உடன்பாட்டை மீறினார்கள் என்று அகாசெஸ் இனத்தின் பணயக் கைதிகளைத் தூக்கிலிட்டார். குவாய்குரு மக்கள்மேல் படை எடுத்துச் சிறைபிடித்தார். பிறகு விடுவித்துச் சமாதானம் பேசினார் என்பதும் உண்மை. அரகாரே என்ற குவரானித் தலைவனைத் தூக்கில் போட்டதும் இவர் ஆணைதான். படையில் இருந்த உல்ரிஷ் ஷ்மிடெல் என்ற பவேரியா நாட்டுச் சிப்பாய் இவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட எழுதவில்லை. மேல்நாட்டுப் பயணத்தில் சிப்பாய்கள் பண்டம் மாற்றிக் கொண்டுவந்ததை எல்லாம் பிடுங்கிக்கொண்டார், கலகம் செய்துதான் திரும்ப வாங்கினோம் என்கிறார். இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் இல்லையா.

#9 தேரிமணல்

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால்தான் அவர் ஏன் கவிழ்ந்தார் என்பது புரியும். அது பெண் கொடுத்து எடுக்கிற விஷயம்.

அசுன்சியோனில் தங்கம் இல்லை, வெள்ளி இல்லை. ஸ்பெயினிலிருந்து பெண்களும் அநேகமாக வரவில்லை. குவரானி வழக்கத்தில் ஒருவனுக்குப் பெண் கொடுத்தால் அவன் மைத்துனன். மைத்துனனுக்கு உழைத்துக் கொடுப்பது, சண்டைக்குக் கூட நிற்பது எல்லாம் முறை. நம் ஊரில் மச்சான் என்றால் கேட்காமலே வந்து பந்தல் கால் நடுவான் இல்லையா, அது மாதிரி. அவர்கள் உறவு என்று நினைத்துக் கொடுத்தார்கள். ஸ்பானியர்கள் உழைப்பு என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். ஒருவனுக்கு ஒரு பெண் போதும் என்று யார் சொன்னது? எத்தனை பெண்ணோ அத்தனை வீட்டு மைத்துனர்கள், அத்தனை வயல். அந்த ஊரையே முகமதுவின் சொர்க்கம் என்று 1545இல் ஒரு பாதிரியார் கரித்துக்கொட்டி எழுதினார்.

இதற்கெல்லாம் நடுநாயகம் டொமிங்கோ மார்டினெஸ் டெ இராலா. கபேசா டெ வாகா வருவதற்கு முன் ஊரை நடத்தியவர் அவர். 1541இல் புவெனோஸ் ஐரெஸைக் காலி செய்து எல்லாரையும் அசுன்சியோனுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. இப்போது மேலிருந்து ஒருவர் வந்து, பூர்வகுடிகளை விற்காதே, வாங்காதே, மாற்றாதே என்கிறார். தாயும் மகளும், அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார். போதாததற்கு, மீன், தேன், சோளம் என்று ஏழைச் சிப்பாய்களிடம்கூட ஐந்தில் ஒரு பங்கு வசூலித்துக்கொண்டிருந்த அரசு அதிகாரிகளின் வரியை நிறுத்தினார். அதிகாரிகளும் எதிரி, வீட்டுக்காரர்களும் எதிரி.

கடைசி அடி 1544இல். பராகுவே ஆற்றில் மேலே போய், வெள்ளி மலைக்கு வழி தேடி, மழைக்காலத்தில் புவெர்டோ டெ லாஸ் ரெயெஸில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் காய்ச்சல். திரும்பும்போது, அந்த ஊர்ப் பெற்றோர்களிடமிருந்து சிப்பாய்கள் வாங்கி வைத்திருந்த சுமார் நூறு பெண்களைத் திருப்பி விட்டுவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏற்கெனவே வெறுங்கையோடு திரும்பும் கூட்டம். அசுன்சியோன் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நோயாகப் படுத்திருந்தவரை ஏப்ரல் இறுதியில் ஓர் இரவில் வீடு புகுந்து பிடித்தார்கள். தெருவில் போட்ட கோஷம் சுதந்திரம், சுதந்திரம்!

கந்தசாமி சார் அடுக்கிய குற்றங்கள் நிஜம். ஆனால் அவரைக் கவிழ்த்தது அந்தக் குற்றங்கள் இல்லை. தூக்கில் போட்டதற்காக யாரும் அவர் கதவைத் தட்டவில்லை.

#10 சும்மா_வந்தேன்

சுதந்திரமா! யாருக்கு என்று கேட்காதவரை அழகான சொல்தான்.

#11 மருதாணி

சிறையில் நடந்த ஒன்று. கிட்டத்தட்ட பதினோரு மாதம் காற்று வராத அறையில், காலில் விலங்கோடு வைத்திருந்தார்கள். ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோனது ‘ஓர் இந்தியப் பெண்’, அதாவது அங்கத்திய பூர்வகுடிப் பெண். உள்ளே விடும் முன் காவலர்கள் அவளை முழுக்க அம்மணமாக்கிச் சோதித்தார்கள். எதையாவது ஒளித்துவிடுவாள் என்று தலைமுடியைக்கூட மழித்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு மூன்றாம் நாளும் கடிதம் உள்ளே போயிற்று, பதில் வெளியே வந்தது. மெல்லிய தாளை இறகுப் பேனா அளவுக்குச் சுருட்டி, கறுப்பு மெழுகு பூசி, கால் விரல்களுக்கு அடியில் இரண்டு கறுப்புப் பஞ்சு நூலால் கட்டியிருந்தாள். காலைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாட்டில் கிடைக்கிற ஒருவகைக் கல்லின் பொடியை எச்சிலில் குழைத்து, அதையே மசியாக வைத்து அவர் எழுதினாராம்.

இதை எழுதியவர் அவருடைய செயலாளர் பெரோ ஹெர்னாண்டெஸ். கந்தசாமி சார் கட்சிக்காரர் சாட்சி என்பார், சொல்லட்டும். எனக்கு அந்தக் கால் விரல் போதும்.

அந்தப் பெண்ணின் பெயர் யாருக்காவது தெரியுமா?

#12 கடலோடி

பெயர் எழுதப்படவில்லை அக்கா. ‘ஓர் இந்தியப் பெண்’ அவ்வளவுதான். அவரைச் சிறைவைத்த அதிகாரிகள் கப்ரேரா, வெனேகாஸ், காசெரெஸ் என்று முழுசாக இருக்கிறார்கள்.

மீதிக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். 1545இல் கப்பலேற்றி அனுப்பினார்கள். நடுக்கடலில் நான்கு நாள் புயல் அடித்ததும், இது நாம் செய்த அநியாயத்துக்குத்தான் என்று பயந்துபோய் கப்ரேராவே விலங்கை அராவிக் கழற்றிக் காலில் விழுந்தாராம். ஸ்பெயினில் வழக்கு. 1551இல், அமெரிக்க நாடுகளைக் கவனித்த ஸ்பானிய அரசவையான ‘இந்தியாக்களின் கவுன்சில்’ தீர்ப்பு: பட்டம் பறிப்பு, ஆப்பிரிக்காவின் ஓரானுக்கு நாடுகடத்தல். பின்னால் தண்டனையைக் குறைத்தார்கள், ஆனால் பதவி திரும்பவில்லை. 1555இல் தன் தரப்பை வல்லடோலிடில் அச்சிட்டார். சில வருஷத்தில் இறந்துபோனார்.

#13 கறாரான_கந்தசாமி

இராலா 1556இல் சாகும்வரை அங்கேயே ஆட்சி செய்தார், அதையும் எழுதுங்கள்.

மருதாணிக்கு ஒரு பதில். பெயர் வேண்டும் என்றால் அது இந்த எதிரியின் உயிலில் கிடைக்கும். சாகும் முன் இராலா தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சொல்லி, தாய் யார் என்றும் எழுதி வைத்தார். மரியா, ஹுவானா, அகெதா, லியொனோர் என்று. ஞானஸ்நானப் பெயர்கள்தான், ‘என் வேலைக்காரி’ என்ற அடைமொழியோடுதான். இருந்தாலும் இருக்கிறது.

#14 தேரிமணல்

கந்தசாமி சார் உயிலை எடுத்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். இராலாவின் பெண்களில் லியொனோர் மகள் உர்சுலா. அவளைக் கட்டிக்கொண்டவர் அலோன்சோ ரிக்கெல்மெ டெ குஸ்மான். இவர் கபேசா டெ வாகாவோடு கப்பலில் வந்த அவருடைய உறவுக்காரர், அவர் கட்சி. இராலாவை எதிர்த்து நின்றதில் தலை தப்புமா என்ற நிலையில், சமாதானத்துக்காக நடந்த கல்யாணம். ஆக, விலங்கு போட்ட வீடும் விலங்கு பூண்ட வீடும் சம்பந்திகளாகிவிட்டன. அந்தத் தம்பதிக்குப் பிறந்த ருய் டியாஸ் டெ குஸ்மான்தான் 1612இல் அந்த நாட்டின் சரித்திரத்தை எழுதி முடித்தார். அப்பா பக்கம் கபேசா டெ வாகா சொந்தம், அம்மா பக்கம் இராலாவின் பேரன், பாட்டி குவரானி. இரண்டு தாத்தாமார் சண்டையையும் அவர் எப்படிச் சமாளித்து எழுதினார் என்பதற்குத் தனி இழைதான் போட வேண்டும்.

#15 சும்மா_வந்தேன்

போடுங்கள் அண்ணே. இந்தத் தடவை வீட்டில் உட்கார்ந்து படிக்கிறேன்.